பிரதானமற்ற கை

கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன் என்று
சத்தியம் செய்துகொடுத்தவன் நான்.
லைட் ஸ்திரீட் நீதிமன்றம், இரண்டாம் மாடி,
குளிரூட்டி சொட்டும் சின்ன அறை.
தவறு யாருடையது என்பது போன வருசமே முடிந்துவிட்டது;
மருத்துவமனை ஒத்துக்கொண்டது.
இன்றைக்கு எவ்வளவு என்பது மட்டும்தான்.

ஜெகதாம்பாள், வயது நாற்பத்தாறு,
பிறையில் பள்ளி வேன் ஓட்டியவர்.
டெங்கி என்று படுத்த மூன்றாம் இரவு
கையில் ஏற்றிய மருந்து நரம்பை விட்டு
சதைக்குள் இறங்கியிருக்கிறது.
"எரியுதுன்னு மணி அடிச்சேன்.
வந்த பிள்ளை பிளாஸ்தரை இன்னும் அழுத்தி
ஒட்டிட்டுப் போயிருச்சு."
மலாயில் சொன்னேன்.
பிளாஸ்தர் மட்டும் அப்படியே போனது.

டாக்டர் ஊய் கோணமானியோடு வந்திருந்தார்.
மணிக்கட்டு மேலே பதினைந்து பாகை, கீழே இருபது.
பிடிமானம் ஒரு கிலோவுக்கும் கீழே.
தொடையிலிருந்து எடுத்து ஒட்டிய தோல்
ஒரு தீப்பெட்டி அகலம்.
அவர் சென்டிமீட்டரில்தான் சொன்னார்,
தீப்பெட்டி என்னுடையது.

வலி எப்படிப்பட்டது?

"பகல்ல மரத்துப் போயிடும்.
மழை இருட்டுனா குடைச்சல்.
ராத்திரி விண்ணு விண்ணுன்னு தெறிக்கும்.
அப்புறம் ஒரு கடுப்பு இருக்குங்க,
கையே இல்லாத மாதிரி, ஆனா கடுக்கும்."

கெபாஸ் என்றேன். ஙிலு என்றேன்.
தெறிப்புக்குக் கொஞ்சம் தேடி
துடிப்பைக் கொடுத்துச் சமாளித்தேன்.
கடுப்புக்கு ஒன்றும் கைவசம் இல்லை.
சாக்கிட் என்றேன்.
பதிவாளர் நான்கையும் கேட்டுக்கொண்டு
அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் எழுதினார்.
தலைகீழாகவும் எனக்குப் படிக்கத் தெரியும்.

ஒன்றிலிருந்து பத்துக்குள் சொல்லச் சொன்னார்கள்.
"எந்த நாள்ல?" என்றார்.
ஆறு என்று வைத்துக்கொண்டார்கள்.

மருத்துவமனை தரப்பில் ஹஸ்லினா.
குரல் உயர்த்தாதவர், கேட்பதற்கு முன்
தண்ணீர் வேண்டுமா என்று கேட்டவர்.
எழுதுவது எந்தக் கையால்?
வலது.
சாப்பிடுவது?
வலது.
அப்படியென்றால் பாதிப்பு பிரதானமற்ற கையில்.
பட்டியலில் அதற்கு வேறு வரிசை,
கொஞ்சம் கீழே.

"கியர் போடுறது இடக்கைதானே."
என்னைப் பார்த்துத்தான் சொன்னார்,
பட்டியலை நான் போட்டவன் போல.
இருபத்திரண்டு பிள்ளைகள், மேம்பால ஏற்றம்,
மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்க வேண்டிய இடம்,
எல்லாவற்றையும் சொன்னேன்.
ஆட்டோ வேன் என்ன விலை என்று விசாரித்தார்கள்.
குறித்துக்கொண்டார்கள்.

வேறு சிரமம் ஏதாவது?

சால்வையை இழுத்துக் கையை மூடினார்.
மேசையைச் சுற்றி ஐந்து பேரில் நான்கு ஆண்கள்.
"இப்ப எல்லாத்துக்கும் ஒரே கைதாங்க."

செமுவா, சத்து தாங்கான்.
கூட்டவில்லை. குறைக்கவில்லை.
எல்லாம், ஒரு கை.
ஹஸ்லினாவின் பேனா நின்றது.
அவர் வீட்டிலும் இடக்கைக்கு அதே வேலைதான்,
பதிவாளர் வீட்டிலும்.
அறையில் எல்லாருக்கும் புரிந்த ஒரே வாக்கியத்தை
நான் மொழிபெயர்த்திருக்கவே தேவையில்லை.
யாரும் மேலே கேட்கவில்லை.
மேலே கேட்காதது பதிவிலும் இல்லை.

மதியம் கேண்டீனில் சோறும் மீனும் வாங்கினார்.
பைக்குள்ளிருந்து கைக்குட்டையில் சுற்றிய
சொந்தக் கரண்டியை எடுத்தார்.
"கழுவத்தான் செய்யுறேன். நாலு தடவை.
சோறு இறங்க மாட்டேங்குது."
சத்தியம் அறைக்குள்ளோடு முடிந்துவிடுகிறது,
இதை யாரிடம் சொல்வது?
குழாயடிக்குப் போய்
என் வலக்கையைக் கழுவிக்கொண்டு
கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

தொகை ஆகஸ்டில் தெரியும்.
போகும்போது, நான் சரியாகச் சொன்னேனா என்று
என்னிடம் கேட்டார்; பிறகு,
அக்கரைக்கு அடுத்த ஃபெர்ரி எத்தனை மணிக்கு என்று.
இரண்டாவதற்குத்தான் பதில் சொன்னேன்.